காலிக் குழாயை முதலில் ஓட்டுங்கள்: வேவ்கைடு சிமுலேஷனில் பிழை தேடும் வழி

மைக்ரோவேவ் அலையைக் கடத்தும் உலோகக் குழாயான வேவ்கைடு ஒன்றின் சிமுலேஷன் ஓடி முடிந்திருந்தது. எரர் எதுவும் வரவில்லை. வளைகோடும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல்: சில அதிர்வெண்களில் உள்ளே போன திறனைவிட வெளியே வந்த திறன் 4 சதவீதம் கூடுதல். நிஜப் பித்தளைக் குழாயில் இப்படி நடந்தால் உலகத்தின் மின்சாரப் பஞ்சம் தீர்ந்துவிடும். மெஷ்ஷை (குழாயைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை) நுணுக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி இரண்டு இரவு லேப்டாப்பை அலறவிட்டேன். 4 சதவீதம் அப்படியே நின்றது. கடைசியில் பார்த்தால் மெஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழாயின் இரு முனைகளிலும் நான் வைத்த உறிஞ்சு அடுக்குதான் அலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எவ்வளவு சிக்கலான வேவ்கைடு வடிவமாக இருந்தாலும், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் குழாயை முதலில் ஓட்டுவேன். செவ்வக வேவ்கைடுக்குள் அலை எப்படிப் போகும் என்பதற்கு 1897-இலேயே ராலே பிரபு கணித விடை சொல்லிவிட்டார். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால்தான் பதில் சொல்பவர் பொய்யரா என்று தெரியும்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொள்வது டபிள்யூஆர்-90 குழாய். நம் பொறியியல் கல்லூரி மைக்ரோவேவ் லேபில் கிளைஸ்ட்ரான் பெஞ்சில் பார்த்த அதே எக்ஸ்-பேண்டு குழாய். மென்பொருள், எம்ஐடியில் உருவான மீப். இலவசம், எஃப்டிடிடி முறை: இடத்தைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்து அலையைக் கணக்கிடுவது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் வேலை: மென்பொருளைத் திறக்காமல் ஒரு தாளில்

டபிள்யூஆர்-90-இன் உட்புற அகலம் 22.86 மி.மீ., உயரம் 10.16 மி.மீ. அங்குலத்தில் 0.9, 0.4. பெயரில் உள்ள 90 அந்த 0.9 அங்குலம்தான். அலை குழாய்க்குள் எடுக்கக்கூடிய ஒவ்வொரு புல வடிவமும் ஒரு மோடு (டிஇ10, டிஇ20 என்று பெயர்கள்); எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அது கடக்காதோ அதுவே அதன் கட்-ஆஃப். கீழ்க்கண்டவற்றைக் கணக்கிட்டுக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்:

- டிஇ10 மோடின் கட்-ஆஃப்: ஒளிவேகத்தை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் 6.557 கிகாஹெர்ட்ஸ்
- டிஇ20: அதன் இருமடங்கு, 13.11 கிகாஹெர்ட்ஸ்
- டிஇ01: 14.75 கிகாஹெர்ட்ஸ்
- 10 கிகாஹெர்ட்ஸில் வெளியில் அலைநீளம் 29.98 மி.மீ., குழாய்க்குள் 39.71 மி.மீ.
- 5 கிகாஹெர்ட்ஸில், அதாவது கட்-ஆஃபுக்குக் கீழே, ஒரு செ.மீ.க்கு 7.7 டெசிபெல் தேய்வு

குழாய்க்குள் அலைநீளம் ஏன் நீள்கிறது என்பதற்கு ஒரே ஓர் எண் போதும்: கட்-ஆஃபை அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1-இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். 10 கிகாஹெர்ட்ஸில் அது 0.755. இந்த எண்ணை மறக்க வேண்டாம், கட்டுரை முழுக்க வரும். நான் இதைச் சாய்வு எண் என்று அழைப்பேன். டிஇ10 என்பது பக்கச் சுவர்களில் மாறி மாறி மோதிக்கொண்டே போகும் இரண்டு அலைகள். அவை குழாயின் அச்சோடு சேர்க்கும் கோணத்தின் கொசைன்தான் இந்த எண்.

அலகும் கட்டமும்

மீப்பில் ஒளிவேகம் 1. நீங்கள் எதை நீள அலகாக வைத்துக்கொள்கிறீர்களோ அதை வைத்து அதிர்வெண்ணையும் மாற்ற வேண்டும். அலகு 1 மி.மீ. என்றால் 10 கிகாஹெர்ட்ஸ் 0.03336 ஆகும். இதில் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தவறுவார்கள்: ஒருவர் 2 பையால் பெருக்கிவிடுவார் (மீப் கேட்பது சாதாரண அதிர்வெண், கோண அதிர்வெண் அல்ல), இன்னொருவர் நீளத்தைச் செ.மீ.யிலும் அதிர்வெண்ணை மி.மீ. கணக்கிலும் கொடுப்பார். கேட் (CAD) வரைபட மென்பொருளிலிருந்து எஸ்டிஎல் கோப்பாக வடிவத்தைக் கொண்டுவருபவர்கள் இன்னும் கவனம். அந்தக் கோப்பில் அலகு என்ற தகவலே கிடையாது.

என் ஆலோசனை, அலகை 2.54 மி.மீ.யாக வையுங்கள். குழாய் அப்போது சரியாக 9 × 4. ஓர் அலகுக்கு 2 கட்டம் வைத்தால் கட்டத்தின் பக்கம் 1.27 மி.மீ.; சுவர்கள் கட்டக் கோட்டின் மேலேயே உட்காரும். 10 கிகாஹெர்ட்ஸ் 0.0847 ஆகும்.

சுவர் கோட்டின் மேல் உட்காராவிட்டால் என்ன ஆகும்? 1 மி.மீ. கட்டம் வைத்து, மென்பொருள் 22.86-ஐ 23 ஆக்கிவிட்டால் கட்-ஆஃப் 6.517-க்கு இறங்கும். 22 ஆக்கினால் 6.813-க்கு ஏறும். இரண்டும் உண்மையான குழாயல்ல, வேறு குழாய்கள். மைக்ரோவேவ் வடிகட்டி (ஃபில்டர்) வடிவமைப்பவர்கள் "அளந்ததும் சிமுலேஷனும் ஒத்துவரவில்லை" என்று புலம்பும்போது முதலில் நான் கேட்பது இதைத்தான்.

சுவர்கள் சுவர்களா?

இப்போது 150 மி.மீ. நீளக் காலிக் குழாயை ஓட்டுங்கள். ஒரு முனைக்கு அருகே சோர்ஸ் (அலை கிளம்பும் இடம்), மறுமுனைக்கு அருகே மானிட்டர் (கடக்கும் திறனை அளக்கும் தளம்), இரு முனைகளிலும் அலையை உறிஞ்சும் அடுக்கு. அந்த அடுக்கைத்தான் பிஎம்எல் என்கிறார்கள். பெரஞ்சர் 1994-இல் கொடுத்தது. வந்த வளைகோட்டைப் பார்த்து இப்படி விசாரியுங்கள்.

*மானிட்டருக்கு ஒன்றுமே வரவில்லை.* பெரும்பாலும் மின்புலத்தின் திசையை அகலத்தின் வழியாகக் கொடுத்திருப்பீர்கள். அது டிஇ01-ஐத்தான் கிளப்பும், 14.75-க்குக் கீழே அது நகராது. டிஇ10-இல் மின்புலம் குறுகிய பக்கத்தின் திசையில் நிற்க வேண்டும், அகலத்தில் நடுவில் உச்சம், இரு சுவர்களிலும் பூச்சியம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மீப்பில் பிஎம்எல் தடிமனை மட்டும் கொடுத்துத் திசையைச் சொல்லாமல் விட்டால், அது ஆறு பக்கமும் போர்த்திவிடும். பக்கச் சுவர்களே உறிஞ்சுபவை ஆகிவிட்டால் பிறகு குழாய் எங்கே? பிஎம்எல்லை நீளத் திசைக்கு மட்டும் கொடுங்கள். மற்ற நான்கு பக்கங்களும் இயல்பாகவே பூரணக் கடத்தியாக இருக்கும்.

*கட்-ஆஃபுக்குக் கீழேயும் எல்லாம் கடக்கிறது.* ஏதோ ஒரு பழைய நிரலை நகல் எடுத்திருக்கிறீர்கள், அதில் கே-பாயிண்ட் பூச்சியம் என்று ஒரு வரி இருக்கிறது. அது எல்லைகளைச் சுழற்சி எல்லைகளாக மாற்றிவிடும்: ஒரு பக்கம் வெளியேறும் அலை எதிர்ப்பக்கம் உள்ளே வரும். சுவர் இல்லாத இடத்தில் கட்-ஆஃப் இருக்காது.

*கட்-ஆஃப் சரியாக இருமடங்கு.* நேரத்தை மிச்சப்படுத்த நடுவில் சமச்சீர்த் தளம் போட்டீர்களா? அதன் குறி தலைகீழாக இருக்கிறது. நடுவில் மின்சுவர் வந்தால் டிஇ10 செத்துவிடும், டிஇ20 மட்டும் பிழைக்கும். இந்தத் தவறை நான் விரும்புவேன். விடை இவ்வளவு தெளிவாகத் தன் காரணத்தைச் சொல்லும் பிழைகள் குறைவு.

*கட்-ஆஃப் சற்றே விலகியிருக்கிறது.* 1.27 மி.மீ. கட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை விலகல் இயல்பு. கட்டங்களில் அலை சற்று மெதுவாகப் போகும். யீ 1966-இல் தந்த இந்த முறைக்கே உள்ள குணம் அது. அதற்கு மேல் விலகினால் மீண்டும் அலகையும் சுவரையும் பாருங்கள்.

ஷார்ட் வைத்து அளந்து பாருங்கள்

கல்லூரி லேபில் ஸ்லாட்டட் லைனில் (நீளப் பிளவு கொண்ட குழாயில்) ப்ரோபை நகர்த்தி, அடுத்தடுத்த இரண்டு குறைந்தபட்சங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று குறித்தோம் அல்லவா? அதையே இங்கேயும் செய்யலாம். ஒரு முனையின் பிஎம்எல்லை எடுத்துவிட்டால் அங்கே கடத்திச் சுவர் தானாக வந்துவிடும், அதுதான் ஷார்ட். 10 கிகாஹெர்ட்ஸில் தொடர் அலையைச் செலுத்தி, அச்சு வழியாக மின்புலத்தின் வீச்சை வரையுங்கள். பூச்சியங்கள் 19.85 மி.மீ.க்கு ஒன்றாக வர வேண்டும். சுவரிலேயே ஒரு பூச்சியம் இருக்க வேண்டும்.

பூச்சியங்கள் ஆழமாக இல்லாமல் மேலே மிதந்தால் தொடர் அலை இன்னும் நிலைபெறவில்லை. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டால் சோர்ஸுக்கு மிக அருகில் அளக்கிறீர்கள். அங்கே கடக்க முடியாத மோடுகளும் கலந்திருக்கும். 10 கிகாஹெர்ட்ஸில் டிஇ20 ஒரு மி.மீ.க்கு சுமார் 1.5 டெசிபெல் வீதம் தேயும், 30 மி.மீ. தள்ளிப் போனால் 46 டெசிபெல் இறங்கியிருக்கும். சோர்ஸிலிருந்தும், உள்ளே வைக்கும் எந்தத் தடையிலிருந்தும் மானிட்டருக்கு இந்தத் தூரத்தைக் கொடுங்கள்.

முனைகள்: என் இரண்டு இரவைத் தின்ற இடம்

பிஎம்எல் எதையும் திருப்பி அனுப்பாது என்று பாடப்புத்தகம் சொல்லும். முடிவில்லாத தடிமனுள்ள அடுக்கை வைத்துச் சொல்வது அது. நாம் வைக்கும் மெல்லிய அடுக்கின் உறிஞ்சல் எண், நேராக வந்து மோதும் அலைக்கானது. நம் குழாயில் எந்த அலையும் நேராக வருவதில்லை. எல்லாம் சாய்ந்துதான் வருகின்றன, கட்-ஆஃபை நெருங்க நெருங்க ஏறக்குறைய குறுக்காகவே.

பிஎம்எல்லின் உறிஞ்சல், டெசிபெல் கணக்கில், அந்தச் சாய்வு எண்ணால் பெருக்கப்படும். நேர் மோதலுக்கு −80 டெசிபெல் என்று வடிவமைத்த அடுக்கு, 10 கிகாஹெர்ட்ஸில் 80 × 0.755, அதாவது −60 டெசிபெல் தரும். மோசமில்லை. 7 கிகாஹெர்ட்ஸில் சாய்வு எண் 0.35. கிடைப்பது −28 டெசிபெல். 6.6-இல் எண் 0.114, அங்கே −9. அதே பிஎம்எல், அதே தடிமன்! எனவே "என் பிஎம்எல் நல்லது" என்ற பேச்சுக்கு அதிர்வெண் சொல்லாமல் பொருளில்லை.

பழைய நிரல்களில், பிஎம்எல்லுக்கு முந்தைய உறிஞ்சு எல்லையாக, மூர் எல்லை என்று ஒன்று இருக்கும். முதல் படி மூர் எல்லையில் ஒளிவேகத்தையே கொடுத்தால், 10 கிகாஹெர்ட்ஸிலேயே −17 டெசிபெல் திரும்பி வரும். காரணம் அதே சாய்வு எண்: 1-இலிருந்து 0.755-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? வேலை செய்யப்போகும் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் குழாய் அலைநீளத்தைக் கணக்கிட்டு அதில் பாதியைப் பிஎம்எல் தடிமனாக வையுங்கள். எக்ஸ்-பேண்டு குழாயின் பயன்பாட்டு எல்லை 8.2 முதல் 12.4 வரை. 8.2-இல் குழாய் அலைநீளம் 60.9 மி.மீ.; பாதி, 30 மி.மீ., நம் கட்டத்தில் 24 கட்டங்கள். எட்டு கட்டம் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆன்டெனாவுக்கு அது போதலாம். இன்னொன்று, மீப்பில் பிஎம்எல் உங்கள் பெட்டிக்கு (சிமுலேஷன் நடக்கும் மொத்த இடத்துக்கு) உள்ளேதான் இடம் பிடிக்கும், வெளியே ஒட்டப்படுவதில்லை. அடுக்கைத் தடிமனாக்கும்போது பெட்டியையும் நீட்டாவிட்டால், மானிட்டர் பிஎம்எல்லுக்குள் மூழ்கிவிடும். மூழ்கிய மானிட்டர் எரர் தராது, கொஞ்சம் குறைந்த எண்ணைத் தரும், அவ்வளவுதான்.

கட்-ஆஃபுக்கு மிக அருகே உண்மையிலேயே வேலை இருந்தால் பிஎம்எல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். அதிர்வெண் வெளியில் (ஃப்ரீக்வென்சி டொமைன், அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணாக) கணக்கிடும் மென்பொருளுக்கு மாறுங்கள்.

அலை இன்னும் போய்ச் சேரவில்லை

குறுகிய துடிப்பு ஒன்றை அனுப்பி, ஃபூரியே மாற்றம் செய்து, எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே ஓட்டத்தில் விடை எடுப்பதுதான் எஃப்டிடிடியின் கவர்ச்சி. ஆனால் துடிப்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. குழுத் திசைவேகம் ஒளிவேகத்தைச் சாய்வு எண்ணால் பெருக்கியது. 150 மி.மீ. கடக்க 10 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 0.66 நானோ நொடி, 6.6 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 4.4 நானோ நொடி. பந்திக்கு முதலில் வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் இலையை எடுத்துவிட்டால் கடைசியில் வருபவர் கதி என்ன? ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தினால் வளைகோட்டில் பல்வரிசை போல அலைவு வரும்.

பிஎம்எல் பிரதிபலிப்பாலும் இதே போன்ற அலைவு வரும் என்பதுதான் குழப்பம். இரண்டையும் பிரிக்க, அடுத்தடுத்த மேடுகளுக்கு இடையே எவ்வளவு அதிர்வெண் என்று அளங்கள். இரு முனைகளுக்கு இடையே அலை மோதித் திரும்பினால், இடைவெளி என்பது குழுத் திசைவேகத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தது, 150 மி.மீ.க்கு 10 கிகாஹெர்ட்ஸ் அருகே சுமார் 0.75 கிகாஹெர்ட்ஸ். நேரம் போதாமல் வெட்டுப்பட்டிருந்தால், இடைவெளி ஏறக்குறைய ஓட்ட நேரத்தின் தலைகீழ். 20 நானோ நொடி ஓடினால் 50 மெகாஹெர்ட்ஸ். அகலமான அலைவு என்றால் முனையைப் பாருங்கள், நெருக்கமான அலைவு என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓட்ட நேரத்தை இருமடங்காக்குங்கள். நேரக் கோளாறு உடனே மாறும், முனைக் கோளாறு அசையாது.

சோர்ஸின் நிறமாலையைக் கட்-ஆஃபுக்கு மேலேயே நிறுத்திவிட்டால் பாதித் தொல்லை ஒழியும். ஆனால் துடிப்பில் திறனே இல்லாத ஓரங்களில் வளைகோட்டை வரையாதீர்கள். அங்கே கிட்டத்தட்டப் பூச்சியத்தைக் கிட்டத்தட்டப் பூச்சியத்தால் வகுக்கிறீர்கள். 1-ஐத் தாண்டுவதென்ன, 30-கூட வரும்.

வெடிப்பதும் ஊர்வதும்

எண்கள் திடீரென்று முடிவிலிக்குப் போனால் நேரப் படி பெரிது. 1.27 மி.மீ. கனக் கட்டத்துக்கு உச்சவரம்பு 2.45 பிக்கோ நொடி. மீப் இயல்பிலேயே அதற்குக் கீழே வைத்துக்கொள்ளும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். எதிர்ப்பக்கச் சிக்கல், கட்டங்களைச் சமமில்லாமல் வைக்கவிடும் மென்பொருள்களில் வரும். இரண்டு மெஷ் கோடுகள் தவறுதலாக 0.01 மி.மீ. இடைவெளியில் விழுந்துவிட்டால் நேரப் படி மொத்தப் பெட்டிக்கும் எழுபது மடங்குக்கு மேல் சுருங்கும். நேற்று பத்து நிமிடத்தில் முடிந்தது இன்று விடியவிடிய ஓடினால், மிகச் சிறிய கட்டம் எது என்று முதலில் பட்டியலிடுங்கள்.

இப்போதுதான் உள்ளே ஏதாவது வைக்கலாம்

நேராக உங்கள் வடிகட்டிக்கு ஓடாதீர்கள். டெஃப்லான் துண்டு ஒன்றை வையுங்கள், குறுக்குவெட்டு முழுவதையும் அடைத்தபடி, 11.43 மி.மீ. தடிமனில். அகலத்தின் சரிபாதி அது. டெஃப்லானின் மின்காப்பு மாறிலி 2.1 என்று கொடுங்கள். தடிமன் அரை அலைநீளமாகும் அதிர்வெண்ணில் பிரதிபலிப்பு மறைய வேண்டும். தடிமன் அகலத்தின் பாதி என்பதால் கணக்கு சுருங்கிவிடுகிறது: 6.557-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 2.1-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10.12 கிகாஹெர்ட்ஸ். உங்கள் வளைகோட்டில் பள்ளம் அங்கே விழ வேண்டும்.

பிரதிபலித்த திறனை எடுக்க மீப்பில் இரண்டு ஓட்டம் வேண்டும். காலிக் குழாயில் மானிட்டரில் பதிவான புலங்களைச் சேமித்து, துண்டோடு ஓடும்போது அவற்றைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் மானிட்டர் காட்டுவது போனதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசம், 10.12-இல் பள்ளத்துக்குப் பதில் மேடு இருக்கும். இரண்டு ஓட்டத்துக்கும் இடையே பெட்டியின் நீளம், கட்டம், சோர்ஸ் எதையும் தொடக் கூடாது.

பள்ளம் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் 10.3 அருகே ஊசிபோல ஒரு கூர்முனை நிற்கிறது என்று வையுங்கள். ஓட்டமும் முடிய மறுக்கிறது, ஆற்றல் வற்றவே இல்லை. இதை மென்பொருள் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், இயற்பியல்தான். டெஃப்லானுக்குள் டிஇ20-இன் கட்-ஆஃப் 13.11-இலிருந்து 9.05-க்கு இறங்கிவிடுகிறது. துண்டுக்குள் அந்த மோடு ஓடலாம், வெளியே காலிக் குழாயில் ஓட முடியாது. இரு பக்கமும் அடைபட்டு உள்ளேயே எதிரொலிக்கும். துண்டு இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் டிஇ10 அதைத் தட்டி எழுப்பாது. எழுப்பியிருக்கிறது என்றால், ஒரு பக்கச் சுவருக்கும் துண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விழுந்திருக்கிறது. துண்டின் மையத்தை அரைக் கட்டம் தவறாகக் கொடுத்திருப்பீர்கள். அடுத்து பெஞ்சில் நிஜத் துண்டைச் செருகும்போதும் இதே கூர்முனை வரலாம், துண்டைச் சீவியவர் கை சற்றுக் கோணியிருந்தால்.

இழப்பு

செம்புச் சுவரை நிஜமாக்க ஆசைப்பட்டு, சுவரைச் சுற்றிக் கட்டங்களை நிரப்பிச் செம்பின் கடத்துத்திறனைக் கொடுப்பவர்கள் உண்டு. 10 கிகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அலை இறங்கும் ஆழம் 0.66 மைக்ரோமீட்டர். உங்கள் கட்டம் அதைவிட இரண்டாயிரம் மடங்கு பெரிது. வரும் இழப்பு எண் செம்பைப் பற்றியதாக இருக்காது. மேற்பரப்பு மின்மறுப்பு வசதி உள்ள மென்பொருளில் அதைப் பயன்படுத்துங்கள், அல்லது கையால் கணக்கிடுங்கள்: பளபளப்பான செம்பில் மீட்டருக்கு 0.11 டெசிபெல் வரும். 150 மி.மீ. குழாயில் அது 0.016. உங்கள் வளைகோட்டில் அரை டெசிபெல் காணாமல் போயிருந்தால், அதைச் செம்பின் தலையில் கட்ட முடியாது. மானிட்டரின் குறுக்குவெட்டு குழாயை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள்.

அதிர்வெண் வெளி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலிக் குழாயிலேயே பெரும் பிரதிபலிப்பு காட்டினால், போர்ட் (அலை நுழையும் முனை) மின்மறுப்பு 50 ஓமுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 10 கிகாஹெர்ட்ஸில் டிஇ10-இன் அலை மின்மறுப்பு 499 ஓம். வேவ்கைடுக்கு ஒற்றை மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. திறன்-மின்னோட்டம், திறன்-மின்னழுத்தம், மின்னழுத்தம்-மின்னோட்டம் என்று மூன்று வரையறைகள், மூன்று விடைகள். அந்த 50 ஓம் மாற்றத்தை, அதாவது மறுஇயல்பாக்கலை, அணைத்துவிட்டால் காலிக் குழாய் அமைதியாகிவிடும்.

இத்தனையும் தேறியபின் கட்டத்தை 0.635 மி.மீ. ஆக்கி ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். நினைவகம் எட்டு மடங்கு, நேரம் பதினாறு மடங்கு ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பள்ளம் 10.12-ஐ நோக்கி இன்னும் நெருங்கியிருந்தால் இனி உங்கள் வடிகட்டியை உள்ளே வைக்கலாம். விலகிப் போயிருந்தால் துண்டை எடுத்துவிட்டு, மறுபடியும் காலிக் குழாய்.